ரயிலும் கப்பலும் ஒரே டிக்கெட்டில்: கொவென்ட்ரியிலிருந்து டப்ளினுக்கு

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் கொவென்ட்ரியில் வசிக்கிறோம். நானும் மனைவியும் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் இருக்கிறோம், நாலு வயது மகன் இருக்கிறான். எல்லோருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்தான். மச்சினி டப்ளினில் இருக்கிறாள், மார்ச் மாதம் அவளுக்கு வளைகாப்பு. மாமியார் திருச்சியிலிருந்து விசிட்டர் விசாவில் வந்து எங்களோடு தங்கியிருக்கிறார், அவருக்கு முழங்கால் வலி. மனைவிக்கு இப்போதுதான் செவிப்பறையில் ஆபரேஷன் நடந்தது. சில மாதங்களுக்கு விமானம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ரயிலிலும் கப்பலிலும் போகலாம் என்று பார்க்கிறோம். ஒரு தளத்தில் ரயில் டிக்கெட் மட்டும் வருகிறது, இன்னொன்றில் கப்பல் மட்டும், மூன்றாவதில் இரண்டும் சேர்த்து. எதை வாங்குவது? ரயில் தாமதமாகிக் கப்பலை விட்டுவிட்டால் பணம் போனதுதானா? கோடையில் இதே மாதிரி நெதர்லாந்துக்கும் போக ஆசை. அதற்கும் வழி சொல்லுங்கள்.

பதில்:

நீங்கள் டிக்கெட்டில் ஆரம்பித்திருக்கிறீர்கள். நான் விசாவில் ஆரம்பிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிரிட்டனிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போவதை இங்கே பலரும் பக்கத்து ஊருக்குப் போவது போலப் பேசுவார்கள். பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்களுக்கு அது உண்மைதான். இரண்டு நாடுகளுக்கும் பொதுப் பயண ஏற்பாடு இருக்கிறது, அவர்கள் விசா இல்லாமலே போய்வருவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, 'நம்மிடம்தான் பிரிட்டன் விசா இருக்கிறதே' என்று டிக்கெட் எடுத்துவிடுகிற நம்மவர்கள் ஏராளம். உங்கள் பிரிட்டன் வேலை விசா அயர்லாந்துக்குள் செல்லாது. உங்களுக்கும் மனைவிக்கும் தனியாக ஐரிஷ் விசா வேண்டும். மகன் பிரிட்டனிலேயே பிறந்திருந்தாலும், கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அவனுக்கும் வேண்டும்.

உங்கள் மாமியாருக்கு நிலைமை வேறு. பிரிட்டனுக்கான குறுகிய கால விசிட் விசா வைத்திருப்பவர்களுக்கு அயர்லாந்து ஒரு விசா விலக்குத் திட்டம் வைத்திருக்கிறது. இந்தியர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. முதலில் பிரிட்டனுக்குள் வந்து இறங்கி, இங்கே தங்க அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அது அவருக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது. இப்போதைய அறிவிப்பின்படி திட்டம் 2026 அக்டோபர் 31 வரை நடப்பில் இருக்கிறது. ஆக, திருச்சியிலிருந்து வந்த மாமியார் ஐரிஷ் விசா இல்லாமல் போகலாம், இங்கேயே வேலை பார்க்கிற நீங்கள் விசா வாங்கித்தான் போக வேண்டும். கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும், ஆனால் விதி அப்படித்தான். ஒரு எச்சரிக்கை: அவருடைய விசாவின் வகை அந்தத் திட்டத்துக்குள் வருகிறதா என்று ஐரிஷ் குடிவரவுத் துறையின் தளத்தில் நீங்களே ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள். விசிட்டர் விசா என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல வகை உண்டு. டப்ளின் போய்வந்தால் பிரிட்டனில் அவருக்கு மறுபடி புதிதாக ஆறு மாதம் தொடங்கும் என்றும் எண்ண வேண்டாம். பழைய கணக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஐரிஷ் குறுகிய கால விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பித்து, பிறகு ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். ஒரு முறை நுழைய 60 யூரோ, பல முறை நுழைய 100 யூரோ. பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு தெரிய வாரக் கணக்கில் ஆகும். மச்சினியிடமிருந்து ஓர் அழைப்புக் கடிதம், அவருடைய பாஸ்போர்ட் மற்றும் அங்கே வசிக்கும் அனுமதியின் நகல், உங்கள் வேலைச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் இவற்றைச் சேர்த்து வையுங்கள். முடிவு தெரியும் வரை டிக்கெட் வாங்காதீர்கள் என்று ஐரிஷ் அதிகாரிகளே சொல்கிறார்கள். நானும் அதையேதான் சொல்வேன். இந்த வழியில் டிக்கெட் விலை விமானம் போல நாளுக்கு நாள் எகிறுவதில்லை. அதனால் விசா வரும் வரை பொறுப்பதில் பெரிய நஷ்டம் இல்லை.

விலை ஏன் எகிறுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் முதல் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது. நீங்கள் மூன்றாவது தளத்தில் பார்த்தது பெரும்பாலும் சேல்ரெயில் என்கிற டிக்கெட்டாக இருக்கும். பிரிட்டனின் ரயில் நிலையத்திலிருந்து அயர்லாந்துத் துறைமுகம் வரை ரயிலுக்கும் கப்பலுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். புறப்படும் நிலையம் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்பதை வைத்துக் கட்டணம் நிர்ணயிக்கப்படுகிறது. எவ்வளவு பேர் வாங்கிவிட்டார்கள் என்பதை வைத்து ஏறி இறங்குவதில்லை. கடைசி வாரத்தில் பயணம் முடிவானவர்களுக்கு இதைவிட நல்ல டிக்கெட் கிடையாது. தனியாக ரயில், தனியாகக் கப்பல் என்று வாங்கிக் கூட்டிப் பாருங்கள், பெரும்பாலும் சேல்ரெயில்தான் மலிவாக இருக்கும். ரயிலில் மிக முன்னதாக வாங்கும் தள்ளுபடி டிக்கெட் அகப்பட்டால் சில சமயம் சில பவுண்டு குறையலாம். அந்தச் சில பவுண்டுக்காகப் பிரித்து வாங்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. காரணம் விலை இல்லை.

ரயில் ஓர் ஒப்பந்தம், கப்பல் இன்னோர் ஒப்பந்தம். நீங்கள் இரண்டையும் தனித்தனியாக வாங்கினால், நடுவில் இருக்கிற இடைவெளிக்கு யாரும் பொறுப்பில்லை. ரயில் இரண்டு மணி நேரம் தாமதமானால் ரயில்காரர்கள் ரயில் கட்டணத்தில் ஏதோ திருப்பித் தருவார்கள். கப்பல்காரர்களைப் பொறுத்தவரை நீங்கள் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பம் இப்படித்தான் பிரித்து வாங்கி, சிக்னல் கோளாறில் ரயில் நின்றுபோய், புதிதாகக் கப்பல் டிக்கெட் எடுத்துப் போனது. ஒரே டிக்கெட்டாக இருந்தால், நீங்கள் எங்கிருந்து எங்கே போகிறவர் என்பது டிக்கெட்டிலேயே இருக்கும். ரயிலால்தான் கப்பல் போனது என்று காட்ட முடியும், இடம் இருந்தால் அடுத்த கப்பலுக்கு மாற்றிக்கொடுப்பது வழக்கம். ரயில் தாமதமாகிறது என்று தெரிந்த உடனே ரயிலிலேயே நடத்துநரிடம் சொல்லுங்கள். எந்த ரயில், எவ்வளவு தாமதம் என்பதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. அடுத்ததில் ஏற்றுவார்கள் என்பதுதான் கணக்கு.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சில இடைத்தரகுத் தளங்கள் ரயில் டிக்கெட்டையும் கப்பல் டிக்கெட்டையும் ஒரே கூடையில் போட்டு, ஒரே பில்லாகத் தரும். பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே இரண்டு தனித்தனி டிக்கெட். பணம் கட்டும் முன் பாருங்கள்: கட்டணம் ஒரே தொகையாக வருகிறதா, 'கொவென்ட்ரி முதல் டப்ளின் துறைமுகம் வரை' என்று ஒரே பயணமாகக் காட்டுகிறதா, எந்தக் கப்பல், எத்தனை மணிக்கு என்பது அதிலேயே இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் வாங்கலாம். அவந்தி வெஸ்ட் கோஸ்ட், டிரான்ஸ்போர்ட் ஃபார் வேல்ஸ் ஆகிய ரயில் நிறுவனங்களின் தளங்களில் நேரடியாக வாங்குவதுதான் எனக்குப் பிடித்த வழி. தேடும்போது டப்ளின் என்று மட்டும் அடித்தால் சில தளங்கள் ஒன்றும் காட்டாது. அதனால்தான் உங்களுக்கு ஒரு தளத்தில் வந்தது இன்னொன்றில் வரவில்லை. டப்ளின் துறைமுகம் என்று இரண்டு பெயர்கள் வரும். ஒன்று ஸ்டெனா லைன் கப்பலுக்கு, மற்றது ஐரிஷ் ஃபெரீஸ் கப்பலுக்கு. எந்த நிறுவனத்தின் கப்பல் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு அதைத் தேர்ந்தெடுங்கள். டிக்கெட் கைப்பேசியில் வருகிறதா, நிலையத்து இயந்திரத்தில் எடுக்க வேண்டுமா என்பதையும் அப்போதே பாருங்கள். இயந்திரம் என்றால் திரும்பி வரும் டிக்கெட்டையும் கொவென்ட்ரியிலேயே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். டப்ளின் துறைமுகத்தில் பிரிட்டிஷ் ரயில் இயந்திரத்தைத் தேடிப் பயனில்லை.

நாலு வயது மகனுக்கு ரயிலில் கட்டணம் இல்லை என்பதால் அவனைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள். கப்பலில் ஏறும் ஒவ்வொருவர் பெயரும், கைக்குழந்தையாக இருந்தாலும், பயணிகள் பட்டியலில் இருந்தாக வேண்டும். அது கடல் பாதுகாப்பு விதி.

இனி எந்தக் கப்பல் என்ற விஷயம். பயணத்தைத் திட்டமிடும்போது எல்லோரும் ரயிலில் ஆரம்பிக்கிறார்கள், ஏனென்றால் முதலில் ஏறப்போவது அதில்தானே. நான் எப்போதும் கப்பலில் ஆரம்பிக்கச் சொல்வேன். டப்ளின் கப்பல்கள் கிளம்புகிற வேல்ஸ் துறைமுகம் ஹோலிஹெட். அங்கே போகும் ரயில்கள் நாள் முழுக்க இருக்கின்றன. கப்பல்களோ ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு நாளைக்கு நாலைந்துக்கு மேல் இல்லை. அதிலும் சில கப்பல்கள் லாரிகளுக்கும் கார்களுக்குமானவை, நடந்து வரும் பயணிகளை ஏற்றாது. அரிதாக இருப்பதை முதலில் பிடித்துக்கொண்டு, நிறைய இருப்பதை அதற்குப் பொருத்துவதுதான் சரி. சேல்ரெயிலிலும் வழக்கமாக நேரம் குறித்து உங்களைக் கட்டுவது கப்பல்தான். ரயிலில் கொஞ்சம் முன்பின்னாகப் போகலாம், ஆனாலும் நாலு பேராக இருப்பதால் இருக்கை முன்பதிவு செய்துவிடுங்கள்.

ஹோலிஹெட்டிலிருந்து கப்பல்கள் ஏறக்குறைய அதிகாலை இரண்டரை, காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு எட்டு வாக்கில் புறப்படும். உங்களுக்கு மதியக் கப்பல்தான். காலைக் கப்பலைப் பிடிக்க முந்தின இரவே ஹோலிஹெட் போய்த் தங்க வேண்டும். இரவு எட்டு மணிக் கப்பல் நள்ளிரவு நெருங்கும்போதுதான் டப்ளினில் இறக்கும். முழங்கால் வலிக்காரரையும் தூக்கத்தில் இருக்கும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் டாக்சி தேட வேண்டியிருக்கும். அதிகாலைக் கப்பலைப் பற்றிப் பேசவே வேண்டாம், கடைசி ரயிலில் போய் டெர்மினல் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். மதியக் கப்பலில் ஏறினால் மூணேகால் மணி நேரப் பயணம், மாலை ஐந்தரை வாக்கில் டப்ளின். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் கடிகாரம் ஒன்றுதான், நேர வித்தியாசம் கிடையாது. திரும்பும்போது டப்ளினிலிருந்து காலை எட்டு மணிக் கப்பலைப் பிடியுங்கள். சீக்கிரம் எழுந்திருப்பது கஷ்டம்தான். ஆனால் பதினொன்றரைக்கு ஹோலிஹெட்டில் இறங்கினால், கப்பல் இரண்டு மணி நேரம் தாமதமானாலும் அதன் பிறகு வீடு போய்ச் சேர ரயில்கள் இருக்கும். இரவுக் கப்பலில் திரும்பினால் நள்ளிரவு தாண்டி இறங்கி, விடியல் ரயில் வரை நிலையத்திலேயே கிடக்க வேண்டும்.

பெரிய கப்பலா, வேகக் கப்பலா என்று கேட்டால் தயங்காமல் பெரிய கப்பல் என்பேன். ஐரிஷ் ஃபெரீஸின் டப்ளின் ஸ்விஃப்ட் பருவகாலத்தில் ஓடும் வேகக் கப்பல், இரண்டேகால் மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். அலை கொஞ்சம் உயர்ந்தாலே முதலில் ரத்தாவதும் அந்த வகைக் கப்பல்தான். மார்ச் மாத ஐரிஷ் கடலை நம்பி அதில் வளைகாப்புக்குப் போகாதீர்கள். அதே நிறுவனத்தின் யுலிசிஸ் 2001-ல் வந்தது, ஐம்பதாயிரம் டன்னுக்கு மேல், ஆயிரத்து முந்நூறு கார்களுக்கு மேல் உள்ளே நிற்கும். ஸ்டெனாவின் கப்பல்களும் பெரியவைதான். உங்கள் மனைவிக்கு ஆட்டம் குறைவாக இருக்க வேண்டும் என்றால், கப்பலின் நடுப்பகுதியில், முடிந்த மட்டும் கீழ்த்தளத்து ஓய்வறையில் உட்காருங்கள். முன்பக்கக் கண்ணாடி ஜன்னல் பார்க்க அழகாக இருக்கும், ஆட்டமும் அங்கேதான் அதிகம். ஆபரேஷன் செய்த காதுக்குக் கப்பல் ஆட்டமும், வாந்தி வந்தால் ஏற்படும் அழுத்தமும் ஒத்துக்கொள்ளுமா என்பதை டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். விமானம் வேண்டாம் என்றவர் கப்பல் சரி என்று இன்னும் சொல்லவில்லை. குமட்டல் மாத்திரை போடலாமா என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

கொவென்ட்ரியிலிருந்து ஹோலிஹெட்டுக்கு எப்படிப் போவது? பர்மிங்காம் இன்டர்நேஷனல் பத்து நிமிடத் தூரம். அங்கிருந்து ஷ்ரூஸ்பரி, செஸ்டர் வழியாக ஹோலிஹெட்டுக்கு நேரடி ரயில்கள் உண்டு. கொஞ்சம் சுற்று வழி, ஆனால் ஒரே ஒரு மாற்றம். குரூ வழியாகப் போனால் சில நேரம் வேகமாகப் போகலாம், ஆனால் இரண்டு மூன்று இடத்தில் மாற வேண்டி வரும். உங்கள் குழுவுக்கு நான் நேரத்தைப் பார்க்க மாட்டேன், மாறும் இடங்களைத்தான் எண்ணுவேன். ஒவ்வொரு மாற்றமும் மாமியாருக்கு ஒரு படிக்கட்டு. மொத்தம் நாலரை ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் புறப்பட அரை மணி முன்பே பதிவை மூடிவிடுவார்கள். அதனால் கப்பல் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக ஹோலிஹெட் சேரும் ரயிலாகப் பாருங்கள். தளம் தானாகக் காட்டும் இணைப்பு இதைவிட நெருக்கமாக இருக்கலாம். அது தனியாகப் பை மாட்டிக்கொண்டு போகிற இளைஞனுக்குச் சரிப்படும். ரயில் நிலையமும் கப்பல் டெர்மினலும் ஒரே கட்டடம் என்பதால், சீக்கிரம் போனாலும் கூரைக்குக் கீழேதான் இருப்பீர்கள்.

செஸ்டர் தாண்டியதும் வலது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள், கடல் கூடவே வரும். கான்வி கோட்டையின் மதில் ஓரமாகவே ரயில் போகும். அப்புறம் மெனாய் நீரிணைப்பு மேல் பிரிட்டானியா பாலம். லண்டனிலிருந்து டப்ளினுக்குத் தபால் கொண்டுபோன ஐரிஷ் மெயில் ரயில் 1848-ல் தொடங்கியது. இந்தப் பாலம் 1850-ல் திறந்த பிறகுதான் ரயில் ஹோலிஹெட் வரை இடையறாமல் போனது. நம் போட் மெயிலுக்கும் இதே அமைப்புத்தான். 1914-ல் பாம்பன் பாலம் வந்த பிறகு எழும்பூரில் ஏறியவர்கள் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரிலிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போனார்கள், 1964 புயல் வரை. உங்கள் மாமியாருக்கு அவர் வீட்டுப் பெரியவர்கள் அந்த வழியில் போன கதை ஏதாவது தெரிந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

தேதியை முடிவு செய்வதற்கு முன் ஒன்று. பிரிட்டனில் ரயில் நேரங்கள் வழக்கமாகப் பன்னிரண்டு வாரம் முன்புதான் உறுதியாகும். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலை என்று சொல்லி ரயிலுக்குப் பதில் பஸ் விடுவது இங்கே சகஜம். வளைகாப்பு ஞாயிறு என்றால் நீங்கள் வெள்ளிக்கிழமையே போய், திங்கட்கிழமை திரும்புங்கள். மாமியாரைப் பஸ்ஸில் ஏற்றி இறக்குவதைவிட லீவு எடுப்பது மேல். விழாவுக்கு முந்தின நாளே போய்ச் சேரும்படி வைத்துக்கொள்ளாமல், ஒரு நாள் கூடுதலாக விடுங்கள். 2024 டிசம்பரில் டாரா புயலில் ஹோலிஹெட் துறைமுகத்தின் கப்பல் துறைகள் சேதமாகி, 2025 ஜனவரி 16 வரை ஃபெர்ரிகள் அங்கிருந்து புறப்படவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஊர் போகிறவர்கள் ஃபிஷ்கார்டு போன்ற வேறு துறைமுகங்களைத் தேடி அலைந்தார்கள். அப்படி நடப்பது அபூர்வம். ஆனால் காற்று பலமாக வீசி ஒரு கப்பல் ரத்தாகி அடுத்ததில் போவது குளிர்காலத்தில் சாதாரணம்.

கப்பலே தாமதமானால் என்ன உரிமை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், கவுன்ட்டரில் நிற்கும்போது உதவும். ரத்தானாலோ, புறப்பாடு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும் என்றாலோ, வேறு கப்பலில் அனுப்புவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்ற சாப்பாடும் தர வேண்டும். நாலு மணி நேரத்துக்கு உட்பட்ட கடல் பயணத்தில் ஒரு மணி நேரத் தாமதத்துக்கு டிக்கெட் விலையில் கால் பங்கும், இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் பாதியும் இழப்பீடாகக் கேட்கலாம். ஆனால் மோசமான வானிலை காரணம் என்றால் இழப்பீடும் கிடையாது, ஹோட்டல் செலவும் கிடையாது. மாற்றுக் கப்பல் அல்லது பணம் என்கிற உரிமை மட்டும் அப்போதும் உண்டு. அதை விட்டுக்கொடுத்துப் புது டிக்கெட் வாங்கிவிடாதீர்கள். பதற்றத்தில் பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

மாமியாரின் முழங்கால் விஷயம். ரயிலில் பாசஞ்சர் அசிஸ்ட் என்கிற இலவச உதவி இருக்கிறது. பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை சொல்லலாம், நீங்கள் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் சக்கர நாற்காலியோ சாய்வுப் பலகையோ கொண்டுவந்து ஏற்றி இறக்குவார்கள். கப்பலுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், 48 மணி நேரம் முன்பே. டிக்கெட் ஒன்றாக இருந்தாலும் உதவி மட்டும் இரண்டு இடத்தில் கேட்க வேண்டியிருக்கிறது. இதை மறந்தவர்கள் ஹோலிஹெட்டில் சிரமப்படுகிறார்கள். ஹோலிஹெட்டில் நடந்து வரும் பயணிகளை டெர்மினலிலிருந்து பஸ்ஸில் ஏற்றித்தான் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். அந்தப் பஸ் ஏறுவதற்கும், உள்ளே மேல்தளம் போக லிஃப்ட் காட்டுவதற்கும் ஆள் துணை இருந்தால் அவருக்கு எளிது. பெரிய பெட்டிகளை விமான நிலையம் மாதிரி கவுன்ட்டரிலேயே போட்டுவிடலாம். கண்ணாடி வளையல் பெட்டியை மட்டும் போடாதீர்கள், கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வளைகாப்பு என்றதும் நீங்கள் என்னென்ன கட்டிக்கொண்டு போவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வந்த பிறகு, இங்கிருந்து அயர்லாந்துக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, தயிர், பனீர் என்கிற பால்கட்டி எல்லாம் அதில் அடக்கம். குழந்தைக்கான பால் மாவுக்கு விலக்கு உண்டு. செடி, இலை, பூ, பழங்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். ஆகவே மல்லிகைச் சரம், வெற்றிலை, வேப்பிலை, கறிவேப்பிலை எதுவும் பையில் வேண்டாம். சான்றிதழ் தேவையில்லாத பழங்கள் ஐந்துதான்: வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன். அதில் தாம்பூலத்துக்கு வேண்டிய வாழைப்பழமும் தேங்காயும் வந்துவிட்டதே என்று நிம்மதியாக இருங்கள். மஞ்சள்தூள், குங்குமம், வளையல், புடவைக்குத் தடை இல்லை. சித்ரான்னங்களை அங்கேயே மச்சினி வீட்டில் கிளறிக்கொள்ளுங்கள். வெற்றிலையும் பூவும் டப்ளினிலேயே இந்தியக் கடைகளில் முன்கூட்டிச் சொல்லி வைக்கட்டும். விமானம் போல நூறு மில்லி திரவக் கட்டுப்பாடு கப்பலில் இல்லை, வீட்டில் காய்ச்சிய நல்லெண்ணெய்ப் பாட்டிலைத் தாராளமாக எடுத்துப் போகலாம்.

டப்ளின் துறைமுகத்தில் ரயில் கிடையாது. டெர்மினலிலிருந்து நகருக்குள் பஸ் அல்லது டாக்சிதான். மச்சினி வீட்டுக்காரர் காரோடு வர முடிந்தால் வரச் சொல்லுங்கள், எந்த நிறுவனத்தின் கப்பல் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். இறங்கியதும் பாஸ்போர்ட் பார்ப்பார்கள். பாஸ்போர்ட், விசா, அழைப்புக் கடிதம், திரும்பும் டிக்கெட் நான்கையும் ஒரே உறையில் மேலாக வையுங்கள். திரும்பும் வழியில் கப்பல் நிறுவனம் கேட்டால் காட்ட, உங்கள் பிரிட்டன் இ-விசா கணக்குத் திறக்கிறதா, அதில் இப்போதைய பாஸ்போர்ட் எண்தான் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள்.

நெதர்லாந்துப் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கோடை நெருங்கும்போது மறுபடி எழுதுங்கள். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து ஹார்விச் இன்டர்நேஷனலுக்கு ஒன்றரை மணி நேர ரயில். அங்கும் நிலையமும் துறைமுகமும் ஒன்றே. அங்கிருந்து ஸ்டெனா லைனின் கப்பல் ஹூக் ஆஃப் ஹாலந்துக்குப் போகிறது. பகல் கப்பல் காலை ஒன்பதுக்கு, இரவுக் கப்பல் பதினொன்றுக்கு. இரவுக் கப்பலில் கேபின் கட்டாயம், அதன் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். நீங்கள் கொவென்ட்ரிக்காரர் என்பதால் பகல் கப்பல் ஒத்துவராது, இரவுக் கப்பல்தான் அருமையாகப் பொருந்தும். மாலையில் கிளம்பி, படுத்துத் தூங்கி, காலை எட்டு மணிக்கு அங்கே இறங்கிவிடலாம். இதற்கும் ரெயில் அண்டு செய்ல் என்று சேர்ந்த டிக்கெட் உண்டு. ஆனால் அது லண்டனிலிருந்தும் கிழக்குப் பகுதியில் ஓடும் கிரேட்டர் ஆங்கிலியா நிலையங்களிலிருந்தும்தான் தொடங்கும். கொவென்ட்ரியிலிருந்து லண்டன் வரை நீங்கள் தனியாக வாங்கும் டிக்கெட் அந்தச் சேர்க்கைக்கு வெளியே நிற்கும். அந்த இணைப்புக்கு நீங்கள்தான் பொறுப்பு, லண்டனில் தாராளமாக மூன்று மணி நேரம் விடுங்கள். மறுமுனையில் எது வரை செல்லும் என்பதையும் வாங்கும்போது பாருங்கள். ஹூக் ஆஃப் ஹாலந்தில் பழைய ரயில் பாதை 2019 முதல் ராட்டர்டாம் மெட்ரோவாகிவிட்டது. மெட்ரோவில் ஸ்கீடாம் வரை போய் அங்கே ரயில் மாற வேண்டும். வங்கி அட்டையையே தட்டி ஏறலாம். மெட்ரோவை விட்டு வெளியேறும்போது ஒரு தட்டு, ரயிலுக்கு நுழையும்போது மறுபடி ஒரு தட்டு, ஆளுக்கு ஓர் அட்டை.

அங்கே வேண்டியது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா, பெரியவர்களுக்கு 90 யூரோ. உங்களுக்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம், நீங்கள் இங்கே வசிப்பவர்கள். மாமியார் அப்படி இல்லை. ஷெங்கன் விசாவைப் பொதுவாக வசிக்கும் நாட்டில்தான் கேட்க வேண்டும். விசிட்டர் விசாவில் வந்தவர் லண்டனில் கேட்டால், ஏன் ஊரில் கேட்கவில்லை என்பதற்குத் தகுந்த காரணம் சொல்ல வேண்டியிருக்கும், பெரும்பாலும் எடுபடாது. அவரும் நெதர்லாந்துக்கு வர வேண்டும் என்றால், அடுத்த முறை ஊரிலிருந்து புறப்படும் முன் சென்னையில் பிரிட்டன் விசாவோடு ஷெங்கன் விசாவையும் வாங்கிக்கொண்டு வரட்டும். இந்தக் கோடைப் பயணத்தை உங்கள் மூவருக்கு மட்டும் திட்டமிடுங்கள்.